வாணமும் விமானமும்



ஆகாய விமானம் என்று வாயெடுத்ததும் நமது வைதிகர்கள் புஷ்பக விமானத்தை இழுத்துக் கொண்டு வந்து விடுகிறார்கள். அது எதனால் மேலே போயிற்று, எப்படி இறங்கிற்று என்று கேட்டால் மாத்திரம் நம்மை நாஸ்திகன் என்கிறார்கள். இருக்கட்டும். நான் இன்று சொல்லப் போவது வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சிறு பொம்மை விமானத்தைப் பற்றியேயாகும்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தில் ஆர்வில் கார்லைல் என்பவர் செருப்புக் கடை வைத்திருந்தார். (இந்நாடாயிருந்தால் உனக்கேன் இந்த வித்தை என்று கேட்டிருப்போம்.) அவர் 1954-ல் காகிதக் குழாயில் ஒரு சிறு வாணம் செய்தார். மேலே போனதும் குடை விரித்து இறங்கும். மருந்துக் குழாயை மாற்றி மறுபடியும் விடலாம். 1961-ல் ஜான் ஷட்ஸ், வெர்ன் எஸ்டஸ் என்ற இருவர் அப்படிப்பட்ட வாணத்திற்கு இறக்கை கட்டி, குடையில்லாமல் மிதந்து இறங்கச் செய்தார்கள்.

இதில்தான் சங்கடம். மெதுவாய் மிதப்பதற்கென்று அமைத்த இறக்கை வாண வேகத்தில் அளவுக்கு மேல் தூக்கும். விமானம் கரணம் போட்டுத் தரையில் மோதும். மூக்கில் பாரம் வைத்தால் நேரே ஏறும். ஆனால் மருந்து தீர்ந்ததும் அதே பாரத்தால் தலைகீழாய் விழும். ஏற ஒரு நிறை, மிதக்க வேறு நிறை! இதற்கு ஜெபமா செய்தார்கள்? பின்னால் வந்தவர்கள் மருந்துக் குழாயையே ஒரு கூட்டில் போட்டு மூக்கில் மாட்டினார்கள். மருந்து எரிந்து தீர்ந்தபின் அதன் கடைசியிலுள்ள சிறு வெடி அந்தக் கூட்டைக் கழற்றித் தள்ளிவிடும். மூக்குப் பாரம் போயிற்று. நிறை பின்னுக்கு நகர்ந்தது. பிறகு பருந்து போல் வட்டமிட்டு இறங்க வேண்டியதுதான். எத்தனை விமானம் நொறுங்கிய பிறகு வந்த புத்தி இது!

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? வைமானிக சாஸ்திரம் என்ற புத்தகத்தை ரிஷி வாக்கு என்றார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐவர் 1974-ல் அதை ஆராய்ந்து, அது 1904-க்கு முற்பட்டதல்ல, அதிற்கண்ட விமானங்கள் பறக்கவும் பறக்காது என்று எழுதினார்கள். எழுதிய பிறகும் நமது பண்டிதர்கள் வாய் மூடவில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் கரிமருந்து இடிக்கப் போக வேண்டாம். ஜெர்மனியில் 1928 ஜூன் 11-ந் தேதி ஷ்டாமர் என்பவர் வாணம் கட்டிய கிளைடரில் பறந்தார். மறு தடவையில் வாணம் வெடித்துத் தீப்பற்றி, எப்படியோ இறங்கித் தப்பினார். தேர்ந்தவர்கள் கதியே அது.

வாணமில்லாமலே பாதியைப் பார்த்து விடலாம். இன்றிரவு பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான், கூப்பிட்டு அட்டையில் ஒரு கிளைடர் வெட்டச் சொல்லுங்கள். மூக்கில் களிமண் உருண்டையைக் கூட்டியும் குறைத்தும், மெதுவாயும் வேகமாயும் எறியட்டும். ஏன் விழுந்தது என்று அவர்களையே கேளுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லி விடாதீர்கள்.