எது அகம், எது புறம்?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்றாடக் கருவிகளிலும் இடங்களிலும் நம் பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் எவ்வாறு மதிப்பிடுவது என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இலக்கிய மேடைக்கு இது பொருந்துமோ என்று முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்த்தபோது, இதற்குரிய பாகுபாட்டை அகம், புறம் என்று நம் முன்னோர் வகுத்து வைத்திருப்பது நினைவுக்கு வந்தது.

அகப்பாடலில் ஒருவரது இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் எங்கும் இல்லை. ஆயினும், வேம்பு சூட்டிய வேல் ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய பூ. அந்த ஒரு குறிப்பே தலைவன் இன்னான் என்று காட்டிவிடுவதால் அது புறமே என்றார் நச்சினார்க்கினியர். பெயரை மறைத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை என்பதை உரையாசிரியர்கள் அன்றே கண்டிருந்தனர். இன்று நம் அலைபேசி எண்ணும், அந்த அலைபேசி இரவில் இருந்த இடமும் நமக்குரிய வேம்பு.

எந்தக் கருவியையும் எந்த இடத்தையும் மதிப்பிட மூன்று கேள்விகள் போதும் என்பது என் எண்ணம். காக்க வேண்டியது எது? கேடு யாரால் அல்லது எதனால் வரும்? வந்தால் இழப்பு யாருக்கு? இம்மூன்றையும் நம் பகுதியில் வைத்துப் பார்ப்போம்.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசிக் கொளுத்தியது. போர்க்காலமாக இருந்தும் நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குறி எங்கே இருக்கிறது என்று எதிரி அறிந்திருந்தான். அதன் அருகே உறங்கியவர்களோ இடரை அறியவில்லை. பல்லாயிரவர் நகரை விட்டு ஓடினர். ‘எம்டன்’ தமிழில் ஒரு சொல்லாக நிலைத்தது. ஆனால் அந்த இரவின் பாடம் நிலைத்ததா?

2015-இல் சுங்கத்துறை கைப்பற்றிய அமோனியம் நைட்ரேட், மணலியில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் ஐந்தாண்டுகள் இருந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே பொருள் ஏறத்தாழ 2,750 டன் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே மணலியில் ஏறத்தாழ 700 டன் இருக்கும் செய்தி ஊருக்குத் தெரிந்தது. அம்மாதத்திலேயே அது ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. நம் வாசலில் இருந்ததை நாம் அறிவதற்கு லெபனானில் ஒரு நகரம் சிதைய வேண்டியிருந்தது.

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் நெடியால் விழித்துக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அமோனியா நீரில் எளிதில் கரைவது. ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது உதவும். காற்று வீசும் திசையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். இவை இரண்டு வரிச் செய்திகள். இவ்விரண்டு வரிகள் ஆலையைச் சுற்றியுள்ள எத்தனை வீட்டுச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கின்றன?

இது யாரோ இரங்கித் தர வேண்டிய சலுகையன்று. 1984-இன் போபால் பேரழிவுக்குப் பின், 1989-இல் அபாயகரமான இரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. பெருவிபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு, ஆபத்தின் தன்மையையும் அப்போது செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் முன்கூட்டியே தெரிவிப்பது ஆலை நடத்துபவரின் கடமை என்று அவை கூறுகின்றன. தொட்டியில் இருப்பது புறம். அது எல்லோர்க்கும் தெரிந்திருக்க வேண்டியது.

இனி மறுபக்கம் வருவோம். ஜெராக்ஸ் கடையில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஆதார் அட்டையின் சரியாக விழாத பிரதிகள் மேசையடியில் கிடக்கும். சில, பொட்டலத் தாளாகக் கடைத்தெருவுக்கும் போகும். 2020 முதல் நியாயவிலைக் கடையில் விரல்ரேகை கேட்கிறார்கள். வலையிழுத்தும் மீனரிந்தும் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும்போது, வெட்கப்பட்டு நிற்பவர் அரிசி வாங்க வந்த தாய்தான். கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற இயலாது. கேடு வந்தால் இழப்பு யாருக்கு என்ற கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்.

காசிமேட்டுக்கு வருவோம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி அதில் வந்தனர். அதன் விளைவாகக் கடலோர மீனவர் அனைவருக்கும் ரேகை பதித்த அடையாள அட்டை என்ற திட்டம் வந்தது. 2017-இல் ஒக்கிப் புயலின்போது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டாமல் பலர் மடிந்தனர். இப்போது விசைப்படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் பொருத்தப்படுகிறது. அது புயலை முன்னறிவிக்கும். எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். ஆபத்தில் கரைக்குச் செய்தி அனுப்பும். உயிர்காக்கும் கருவி அது. அதை வேண்டாமென்று சொல்பவர் கடலை அறியாதவர்.

ஆனால் அதே கருவி படகு நின்ற இடத்தையும் சொல்லும். மீன் கிடைக்கும் இடம் தலைமுறைகளாகத் தந்தை மகனுக்கு மட்டும் காட்டிக்கொடுத்த செல்வம். அந்தப் பதிவை யார் காண்பர், எத்தனை நாள் வைத்திருப்பர், யாருக்குக் கொடுப்பர் என்று கேட்பதற்கு மீனவருக்கு உரிமை உண்டு. கேட்பவரை ஐயத்தோடு பார்க்கலாகாது. வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அரணுக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். ஒற்று வேறு, அரண் வேறு. ஒரே பெட்டிக்குள் இரண்டும் வரும்போது, எது எங்கே முடிகிறது என்று கேட்டே தீர வேண்டும்.

சட்டமும் இப்பாகுபாட்டை ஏற்றுள்ளது. நெடுநல்வாடை பாடியவர் நக்கீரர். நக்கீரன் இதழ் தொடுத்த ஆட்டோ சங்கர் தன்வரலாற்று வழக்கில்தான் 1994-இல் உச்சநீதிமன்றம் அந்தரங்க உரிமை பற்றிய முதன்மையான தீர்ப்பொன்றை வழங்கியது. குடிமகனின் குடும்பம், திருமணம், மகப்பேறு போன்றவற்றை அவன் இசைவின்றி வெளியிடலாகாது. ஆனால் அரசு அலுவலர் தம் கடமையில் செய்தவற்றுக்கு அந்தத் திரை கிடையாது என்றது அத்தீர்ப்பு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக உறுதிசெய்தது.

ஆக, குடிமகனின் வாழ்வு அகம். அதிகாரமும் ஆலையும் செய்வது புறம். நம் பகுதியில் இது தலைகீழாகக் கிடக்கிறது. ஊரே அறிய வேண்டிய தொட்டி மதிலுக்குள் மறைந்திருக்கிறது; மறைந்திருக்க வேண்டிய கைரேகை கடைதோறும் கிடக்கிறது. இதைத் திருப்பி நிறுத்துவதே நம் வேலை.

பத்தாண்டுகளாகப் பாட்டுக்குப் பொருள் கேட்டுப் பழகிய வட்டம் இது. அதே பழக்கத்தோடு, நம் தெருவுக்கு அருகிலுள்ள ஆலையிடம் 1989 விதிகளின்படி தர வேண்டிய அறிவிப்பைக் கேட்போம்; கிடைத்ததை எளிய தமிழில் எழுதி வீடுதோறும் கொடுப்போம். ஆதார் பிரதி கேட்பவரிடம் எதற்கு என்று கேட்போம். பிழையாக விழுந்த தாளைக் கையோடு வாங்கிக் கிழிப்போம். அடுத்த பத்தாண்டுக்கு நம் வட்டம் ஏற்கத்தக்க பணி இது என்று கூறி அமைகிறேன்.