மனநலப் பணியும் சமநெறியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

மனநலப் பணியாளர் ஒருவர்க்கு இருக்கவேண்டிய உள்ளப் பண்புகள் யாவை என்பது நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. பள்ளித் தலைமையாசிரியர்க்கும் இத்தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். சோர்ந்த மனத்துக்கு மருந்திடுபவர், எதிரே அமர்ந்திருப்பவரைத் தம்மை ஒத்த மனிதராக மதித்தாக வேண்டும். அம்மதிப்பு இல்லாதவிடத்து எத்துணைப் பட்டங்கள் இருந்தும் பயனில்லை. ஆசிரியரின் நிலையும் இதுவே. ஆகவே இவ்வுரை இரு சாரார்க்கும் பொருந்தும்.

இதற்குச் சான்றாக ஓர் அம்மையாரின் பணியை உங்கள்முன் வைக்கிறோம். அவர் பெயர் மேமி ஃபிப்ஸ் கிளார்க். அமெரிக்க நாட்டின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், 1917ஆம் ஆண்டு, கறுப்பின மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பர்க்கு வேறு பள்ளி என்று சட்டமே பிரித்துவைத்திருந்த மண்ணில் வளர்ந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1943ஆம் ஆண்டு உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய கணவர் கென்னத் கிளார்க்கும் அங்கேயே உளவியல் பயின்று முனைவரானவர். அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு கடல்கடந்து சென்று பயின்ற பல்கலைக்கழகமும் அதுவே. சாதாராப் பள்ளியில் கோணிப்பையின்மேல் தனித்து அமர்த்தப்பட்ட சிறுவர், பிற மாணவரோடு சமமாக அமர்ந்து கற்ற இடம் அது என்பதை நாம் மறவோம்.

கிளார்க் இணையர் கறுப்பினக் குழந்தைகளின் உள்ளத்தை ஆராய முற்பட்டனர். மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 குழந்தைகளின்முன் நான்கு பொம்மைகளை வைத்தனர். நிறத்தைத் தவிர அவற்றிடையே வேறு எந்த வேறுபாடும் இல்லை. எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றனர். கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்றனர். இறுதியில், "உன்னைப்போல் இருப்பது எது?" என்று கேட்டனர். அக்கேள்விக்குச் சில குழந்தைகள் அழுதனர். சிலர் அறையைவிட்டே ஓடினர். பிறர் வகுத்த இழிவு, பள்ளிப் பருவத்துக்கு முன்பே பிஞ்சு உள்ளத்துள் குடிபுகுந்துவிடுகிறது என்பதை உலகம் கண்டது. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வும் அத்தீர்ப்பின் அடிக்குறிப்பில் சுட்டப்பெற்றது.

இச்செய்தியை நம்மில் சிலர் அறிந்திருக்கலாம். ஆயினும், நாம் இன்று வலியுறுத்த விரும்புவது அம்மையாரின் மற்றொரு பணியை.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த கறுப்பினக் குழந்தைகளுக்கு மனநல உதவி கிடைப்பது அரிதாயிருந்தது. ஏற்கெனவே இயங்கிவந்த சமூக நல அமைப்புகளிடம், அப்பகுதிக்கும் உங்கள் பணியை விரிவாக்குங்கள் என்று கிளார்க் இணையர் வேண்டினர். ஒருவரும் முன்வரவில்லை. பிறரை நம்பிக் காத்திராமல், அம்மையாரின் தந்தையிடம் 946 டாலர் கடனாகப் பெற்று, 1946ஆம் ஆண்டு, ஒரு குடியிருப்பின் நிலவறையில் தாமே ஒரு நிலையத்தைத் தொடங்கினர். நார்த்சைடு என்னும் அந்நிலையம் இன்றும் இயங்கிவருகிறது. அம்மையார் 1979இல் ஓய்வு பெறும்வரை அதன் இயக்குநராக இருந்தார்; 1983இல் மறைந்தார்.

அந்நிலையத்தின் நடைமுறைகளில் இரண்டை நாம் கருத வேண்டும்.

முதலாவது, அது எவர்க்கும் கதவடைக்கவில்லை. வெள்ளையர் கதவடைத்ததால் பிறந்த நிலையம், வெள்ளையர் குழந்தைக்குத் தன் கதவை அடைக்கவில்லை. பணியாளரிலும் இரு நிறத்தாரும் இருந்தனர். தாம் பட்ட புண்ணைப் பிறர்க்குத் தராதிருப்பது எத்துணை அரிய பண்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, அது முத்திரையை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என்று பள்ளிகள் முத்திரையிட்டுத் தனி வகுப்பில் தள்ளிய குழந்தைகளைப் பெற்றோர் இந்நிலையத்துக்கு அழைத்துவந்தனர். அம்மையார் அவர்களின் நுண்ணறிவு ஈவை மீண்டும் அளந்து பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரே அல்லர் என்பது வெளிப்பட்டது. குழந்தையின் குறை என்று எழுதப்பட்டது உண்மையில் பள்ளியின் குறை. படிப்பில் பின்தங்கியோர்க்கு அங்கே குறைதீர் கற்பித்தலும் அளிக்கப்பட்டது. குழந்தையின் மனத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்க்காமல், வீட்டின் வறுமையையும் பள்ளியின் புறக்கணிப்பையும் சேர்த்தே நோக்கவேண்டும் என்பது அம்மையாரின் கொள்கை.

இதைப் படித்த நாளில் நமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்கிறோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் எட்டாம் வகுப்பு ஆசிரியராக இருந்தோம். நம் சமுதாயத்து மாணவன் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் திணறினான். 'மெல்லக் கற்போர்' பட்டியலில் அவன் பெயரை நம் கையாலேயே எழுதினோம். கடைசி வரிசையில் அமர்த்தினோம். அவனுடைய குடும்பம் தை பிறந்தால் செங்கல் சூளைக்குச் சென்று ஆடியில் ஊர் திரும்பும் என்பதை நாம் அறிவோம். ஆண்டில் பாதி நாள் பள்ளியையே காணாத பிள்ளை எவ்வாறு படிப்பான் என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. மறு ஆண்டே அவன் பள்ளியைவிட்டு நின்றான்.

கடந்த ஆண்டு, கொத்தனார் ஒருவர் தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க நம் அறைக்கு வந்தார். ஒரு சுவருக்கு எத்தனை செங்கல் வேண்டும் என்பதை மனக்கணக்காகவே சொல்லக்கூடியவர். விண்ணப்பத்தில் கையொப்பமிட்டபின், தலை குனிந்தபடி, "சார், இவள் பெயரை மட்டும் அந்தப் பட்டியலில் எழுதிவிடாதீர்கள்" என்றார். அப்போதுதான் அவர் யார் என்பது நமக்கு விளங்கியது. நாம் எழுதிய ஒரு வரியை அவர் இருபது ஆண்டுகள் சுமந்திருக்கிறார். நம் சாதியைச் சொல்லி நம்மை இழித்தவர்மீது நாம் சினந்தோம். நம் சமுதாயத்துப் பிள்ளைக்கு நாமே முத்திரையிட்டதை உணரவில்லை.

இளைஞர்களே! இச்சங்கத்தின் மாலைநேரப் படிப்பகத்தை இப்போது நடத்துவோர் நீங்கள். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அரையாண்டுத் தேர்வில் தோற்ற பிள்ளைகளைப் படிப்பகத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அண்மையில் தலைகாட்டியிருக்கிறது. தோற்றவனை நீக்கிப் பெறும் நூறு விழுக்காடு யாருக்கு? நல்ல மதிப்பெண் பெறுபவன் எப்படியேனும் முன்னேறிவிடுவான். இச்சங்கத்தின் கதவும் அடைபட்டால், தோற்றவன் தட்டுவதற்கு வேறு கதவு இல்லை.

ஆதலால் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். தேர்வில் தோற்ற எந்தப் பிள்ளையையும் நீக்கலாகாது. அவர்க்கெனத் தனியே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். படிப்பக வாயிலின் மூன்று படிகளை ஏற இயலாமல், சக்கர நாற்காலியில் வெளியே காத்திருக்கும் பிள்ளைக்காக ஒரு சாய்தளம் அமையுங்கள். அடுத்த தெருவின் ஏழைக் குழந்தை, எச்சாதியாயினும், ஏட்டுடன் வந்து நின்றால் உள்ளே அழைத்து நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்த்துங்கள். கோணிப்பையில் தனித்து அமர்ந்தவரின் வழிவந்தவர்கள் நாம். இன்னொரு குழந்தையைத் தனித்து அமர்த்தும் உரிமை நமக்கு இல்லை.

உங்களில் சிலர் நாளை உளவியல் கற்று மனநலப் பணிக்கும் செல்வீர்கள், செல்ல வேண்டும். அன்று உங்கள் அறைக்கு ஒரு குழந்தை ஒரு சீட்டுடன் வரும். அச்சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்குமுன் அக்குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

கொத்தனாரின் மகள் இப்போது நம் பள்ளியில் பயில்கிறாள். இவ்வாண்டு தை பிறந்தபோது அவளுடைய பெற்றோர் வேலைக்கு வெளியூர் சென்றனர். அவள் பாட்டியின் வீட்டில் தங்கி, ஒருநாளும் தவறாமல் பள்ளிக்கு வந்தாள். மாலையில் அவள் வரும் இடம் இப்படிப்பகம். அவளை உங்களிடம் ஒப்படைத்து அமைகிறோம்.