எதற்காக இந்த எடை?

 

வலுப்பயிற்சி என்றதும் எல்லாரும் கேட்பது, எந்தப் பயிற்சி சிறந்தது என்பதைத்தான். யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், தம் முறையை 1945இல் வெளியிட்டார். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையே அவருக்கு அளவுகோல். முதலில் ஏழு முதல் பத்து செட் வரை செய்யச் சொன்னவர், 1948இல் மருத்துவர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதை மூன்றாகக் குறைத்தார்: முதல் செட்டில் அந்த எடையில் பாதி, அடுத்ததில் முக்கால், கடைசியில் முழு எடை. வலு கூடக் கூட எடையும் கூடும். நோக்கம், அளவு, படிப்படியான ஏற்றம் மூன்றும் அதில் இருந்தன. இன்று நம் ஜிம்களில் கல்லூரி மாணவர், ஓட்டக்காரர், ஓய்வுபெற்றவர் எல்லாருக்கும் ‘பத்து பத்தாக மூணு செட்’ என்றே எழுதித் தருகிறார்கள். எண்ணிக்கை தங்கிவிட்டது, காரணம் விடுபட்டுவிட்டது.

நோக்கம் மாறினால் என்னவெல்லாம் மாறும்? அதிகபட்சமாக ஒரே ஒரு தடவை நூறு கிலோ தூக்கக்கூடியவர் உச்ச வலுவை நாடினால், 85 கிலோவுக்கு மேல் வைத்து, ஒரு செட்டுக்கு ஐந்து முறைக்குள் தூக்கி, இடையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். தொடக்க வாரங்களில் கிடைக்கும் வலுவில் பெரும்பங்கு தசை பெருத்ததால் வருவதன்று, நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. ஆய்வாளர்கள் மோரிடானியும் டெவ்ரீஸும் 1979இலேயே இதைக் காட்டினர். தசை பெருக்க விரும்புவோருக்கு இவ்வளவு கனமான எடை கட்டாயமில்லை. இனி ஓரிரு முறைக்கு மேல் முடியாது என்ற நிலை வரை முயன்றால், குறைந்த எடையும் ஏறத்தாழ அதே பலன் தரும். வாரத்துக்கு எத்தனை செட் என்பதே அங்கே முக்கியம். உயரம் தாண்டுபவருக்கோ வேகமே உயிர். எடை மிதமாக இருக்கட்டும்; அசைவு மந்தமாகத் தொடங்கியதும் செட்டை நிறுத்திவிட வேண்டும்.

நாம் அதிகம் புறக்கணித்திருப்பது முதியோரை. பாஸ்டனில் முதியோர் காப்பகத்தில் இருந்த, சராசரி வயது 90 கொண்ட தளர்ந்த உடலினருக்கு ஆய்வாளர் மரியா ஃபியாடரோன் குழுவினர் எட்டு வாரம் கனத்த எடைப்பயிற்சி கொடுத்தனர். பெரும்பாலும், ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 விழுக்காடு! 1990இல் வெளியான முடிவின்படி, கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. ‘வயசாச்சு, நடந்தா போதும்’ என்று நாம் சொல்லும் அறிவுரைக்கு இது மறுப்பு. 65 வயதைக் கடந்தோர் வாரம் மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2020இல் வலியுறுத்தியது. மருத்துவர் கண்காணிப்பில் அளவறிந்து தொடங்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அச்சத்தால் எடையே தராமல் விடுவதும் தீங்குதான்.

இக்கருத்தரங்கின் கட்டுரையாளர்களிடம் எனக்கு நான்கு வேண்டுகோள்கள். உங்கள் திட்டத்தின் நோக்கத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று காட்டுங்கள். முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தார் என்பதுகூட நல்ல அளவையே. எடையை எப்போது கூட்டினீர்கள், எப்போது குறைத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பாதியில் விலகியவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு வெற்றி பேச வேண்டாம். அவர்கள் ஏன் விலகினார்கள் என்பதில்தான் அடுத்த திட்டத்துக்கான பாடம் இருக்கிறது.

இந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.