பழுது நீக்குவோரும் பதிவேட்டுச் சொல்லும்



துறைமுகத்தைப் பாடிய புலவர்களுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சிறப்பிடம் பெறுபவர். பட்டினப்பாலையில் அவர் புலிப்பொறி இட்டுக் குவித்த புகார்த் துறைமுகத்துப் பண்டங்களைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் இரவில் கலங்களை அழைக்கும் விளக்கு மாடத்தைக் காட்டுகிறார். ஏறுதற்கரிய அம்மாடத்தில் ஏணி சாத்தப்பட்டிருந்ததையும் சொல்ல அவர் மறக்கவில்லை. ஏணி பாட்டில் இருக்கிறது. நாள்தோறும் அதில் ஏறித் தீ மூட்டியவர் பாட்டில் இல்லை. கடற்காற்றில் ஏணியின் கட்டுத் தளர்ந்தபோது அதை இறுக்கியவரும் இல்லை. இது புலவர்மேல் குறையன்று. தொழிலின் இயல்பு அத்தகையது. பராமரிப்பு செவ்வனே நடந்தால் கண்ணுக்குப் புலனாகாது. தவறும்போது மட்டுமே ஊர் அதனை அறியும்.

அந்த ஏணியில் இன்று ஏறுவோர் துறைமுகத்தின் பராமரிப்பு, பழுதுநீக்கும் குழுவினர். அவர்களை வழிநடத்தும் குழுத்தலைவரின் பணியே ஈண்டு ஆய்வுக்குரியது.

கடலோரத்தில் கட்டுதல் அரிது. கட்டியதைக் காத்தல் அதனினும் அரிது. சென்னைத் துறைமுகத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1870களில் எழுந்த அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் மாதப் புயல் உடைத்தது. மீண்டும் கட்டப்பட்ட பின்னும் கிழக்கு நோக்கிய வாயில் அலைக்கும் மணலுக்கும் இடம் கொடுத்தது. 1904இல் தலைமைப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயில் வடகிழக்குக்கு மாற்றப்பட்டது. சுவர்களுக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரை அரிப்புக்கு உள்ளாயிற்று. கடல் எந்தக் கட்டுமானத்தையும் முடிந்ததாக ஏற்பதில்லை.

சுவருக்கு நேர்வது இயந்திரத்துக்கும் நேர்கிறது. உப்புக் காற்று இரவும் பகலும் இரும்பைத் தின்கிறது. எப்போதும் நீருள் மூழ்கியிருக்கும் இரும்பைக் காட்டிலும், அலை தெறித்து நனைந்தும் உலர்ந்தும் வரும் பகுதியே விரைவில் அரிக்கப்படுகிறது. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கலாசி எனப் பல கைகள் கூடி இதனை எதிர்கொள்கின்றன. அக்கைகளை ஒருங்கிணைப்பவர் குழுத்தலைவர்.

அவருடைய பொறுப்பை உணரப் பாரந்தூக்கியின் இரும்பு வடம் ஒன்றே போதும். ஆறு புரிகள், புரிக்கு 36 கம்பிகள் எனக் கொண்டால் ஒரு வடத்தில் 216 கம்பிகள். துறைமுகப் பணிகளுக்காக 1934இல் பிரிட்டனில் வகுக்கப்பட்ட விதிகள் இதற்கோர் எல்லை வரைந்தன. வடத்தின் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்தில், கண்ணுக்குத் தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சினால் அவ்வடத்தைப் பயன்படுத்தலாகாது. 25 மி.மீ. தடிப்புள்ள வடத்தில் அந்நீளம் 200 மி.மீ.; ஏறத்தாழ ஒரு சாண். அந்த ஒரு சாணில் 21 கம்பிகள் அறுந்திருந்தால் வடம் விதிக்குள் நிற்கும். 22 ஆனால் நில்லாது.

எனினும் எண்ணிக்கை மட்டும் போதாது. நின்ற வடத்தின்மீது துணியை ஓட்டிப் பார்க்கிறார்கள். அறுந்த முனை இருக்குமிடத்தில் துணி சிக்கிக்கொள்ளும். புரிகளின் இடுக்கில் செந்தூள் கசிந்தால், வெளியே பளபளக்கும் வடம் உள்ளே துருவேறியிருக்கிறது என்பது பொருள். எண் சரியென்றாலும் கண் ஐயுறும் இடம் அது.

கப்பல் காத்து நிற்கும். ஒவ்வொரு மணி நேரமும் பணம். மேலிருந்து கேள்வி வரும், கீழிருந்தும் வரும். இந்த ஒரு கப்பலுக்கு மட்டும் தாங்காதா என்று கேட்பவர் தீயவர் அல்லர். பெரும்பாலும் தாங்கவும் கூடும். அதனாலேயே அவ்வேளையில் ‘கூடாது’ என்று சொல்வது கடினம். நிறுத்திய வடம் அறுந்திருக்குமா என்பதை எவராலும் மெய்ப்பிக்க இயலாது. நேராத விபத்துக்குச் சான்று இல்லை. வீணான நேரத்துக்கோ கணக்கு உண்டு. இந்தச் சமனற்ற தராசின் முன் நின்று தன் சொல்லைக் காப்பதே குழுத்தலைவரின் தலைமை.

பழுது பார்க்கும்போது இன்னொரு ஒழுங்கும் உண்டு. மின்விசையை நிறுத்திய இடத்தில் பணிபுரியும் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்வர். பத்துப் பேர் வேலை செய்தால் பத்துப் பூட்டுகள். ஒன்பது கழன்றாலும் இயந்திரம் ஓடாது; தலைவரே விரும்பினாலும் ஓடாது. தம் கீழ்ப் பணிபுரியும் இளையவர் கையில் உள்ள சிறு சாவி தம் ஆணையைவிட வலியது என்று ஒப்புக்கொள்ளும் தலைமை அது.

பணிமுறை மாறும் வேளையில் இவையனைத்தும் ஒரு பதிவேட்டை நம்பி நிற்கின்றன. வடகடலில் பைப்பர் ஆல்பா என்னும் எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று நேர்ந்தது இதற்குக் கொடிய சான்று. பராமரிப்புக்காக ஓர் எக்கியின் காப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அச்செய்தி இரவுப் பணியினரைச் சென்றடையவில்லை. அவர்கள் அந்த எக்கியை இயக்கினர். கசிந்த வாயு தீப்பற்றியது. 167 பேர் மாண்டனர். கருவிகள் இருந்தன, திறனாளர் இருந்தனர், போய்ச் சேர வேண்டிய ஒரு சொல் போய்ச் சேரவில்லை.

ஆதலால் நல்ல குழுத்தலைவர் ‘வடம் பார்க்கப்பட்டது, சரி’ என்று எழுதுவதை ஏற்பதில்லை. ‘கொக்கியிலிருந்து நாற்பதாவது அடியில், ஒரு சாணில் ஒன்பது கம்பிகள் அறுந்துள்ளன, இடுக்கில் துரு இல்லை, அடுத்த மாதம் இதே இடத்தை முதலில் பார்க்க’ என்று எழுதச் சொல்கிறார். முன்னது எழுதியவரைக் காப்பாற்றும். பின்னது அடுத்து வருபவரைக் காப்பாற்றும். இரண்டு தொடருக்கும் இடையே உள்ள தொலைவைக் கவிஞர்கள் நன்கறிவர். மங்கலான சொல் கவிதையில் ஒரு வரியைக் கெடுக்கிறது. துறைமுகத்தில் ஒரு குடும்பத்தைக் கெடுக்கிறது.

இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காண்கிறது. கூட்டங்களில் பேசியோர் பெயர்கள் அழைப்பிதழ்களில் உள்ளன. நாற்காலி அடுக்கியவரும், அறுந்துபோன ஒலிபெருக்கிக் கம்பியை முறுக்கி இணைத்தவரும், பிணங்கிய இருவரைப் பேச வைத்தவரும் அவற்றில் இல்லை. பத்தாண்டு என்பது அவர்கள் கைப்பட நீண்ட காலம். ஏணியைப் பாடிய மரபு, அதில் ஏறியவரையும் பாடத் தொடங்கட்டும்.