சூலமும் ஆகாய விமானமும்

(குறிஞ்சிப்பாடியில் பேசியது)



இந்தப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போகிறவர்கள் பலர் உண்டு. மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், அதாவது 1,800 மைல். நம் பாட்டன்மார் நாகப்பட்டணத்தில் கப்பலேறி நாட்கணக்கில் கடலில் கிடந்தார்கள். இன்று ஆகாய விமானம் நாலு, நாலேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஆனால் இவ்வூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர, 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட ரோட்டிலே, அதே நாலு மணி நேரம் ஆகிறதே!

ஆகவே, கணக்குப் பார்க்க வேண்டியது இந்த ரோட்டைத்தான். நாம் பார்ப்பதோ பஞ்சாங்கம்! செவ்வாய், புதன் வடக்கே சூலமாம். சென்னை வடக்கே இருக்கிறது. திங்கள், சனி கிழக்கே சூலம். வியாழன் தெற்கே சூலம். சிங்கப்பூரோ சென்னைக்குத் தென்கிழக்கு. வாரத்தில் ஐந்து நாள் தொலைந்தது! விமானமோ ஏழு நாளும் போகிறது, வருகிறது. அதை ஓட்டுகிறவர் காற்றின் வேகத்தைக் கேட்கிறார், எண்ணெயை அளக்கிறார். சூலத்தை விசாரித்ததாகக் கேள்விப்பட்டதுண்டா?

ராகுகாலத்தின் யோக்கியதை என்ன? திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை என்கிறார்கள். இங்கே 7.30 அடிக்கும்போது சிங்கப்பூர்க் கடிகாரம் 10 காட்டுகிறது. நடுக்கடலுக்கு மேலே பறக்கிறவனை ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பிடிப்பான்?

விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே டிக்கட் பரிசோதனையை மூடிவிடுகிறார்கள். ராகுகாலம் கழியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து, கடன்பட்டு வாங்கிய டிக்கட்டைக் கோட்டை விட்டவனுக்கு, பஞ்சாங்கக்காரரா வந்து வட்டி கட்டப் போகிறார்?