கம்பனிப் பணமும் கட்சி நிதியும்

ஒருவர் தமது சேமிப்பைக் கம்பனியொன்றின் பங்குகளில் இடுவது இலாபங் கருதியே. அக்கம்பனியின் இயக்குநர் சபை அவ்விலாபத்தில் ஒரு பகுதியை, அவர் வாக்களிக்க மனங்கொள்ளாத கட்சிக்கு வழங்குமாயின், அதனைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டா? 1957ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் இத்தகைய வழக்கொன்று வந்தது.

டாட்டா இரும்பு உருக்குக் கம்பனி, அரசியற் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க இடமளிக்குமாறு தன் அமைப்புப் பத்திரத்தைத் திருத்த முற்பட்டது. அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியிருந்தது. பங்குதாரர் ஒருவர் எதிர்த்து வாதாடினார். பிரதம நீதியரசர் எம். சி. சக்ளா, சட்டம் தடுக்காத ஒன்றைத் தாம் தடுத்தற்கில்லை என்று திருத்தத்தை ஏற்றார். ஆயினும், இவ்வழக்கம் வளருமாயின் குடியாட்சியின் குரல்வளையையே நெரித்துவிடக்கூடும் என்றும், இதனை ஆராய்தல் பாராளுமன்றத்தின் கடமை என்றும் எச்சரித்தார். அனுமதியையும் எச்சரிக்கையையும் ஒரே தீர்ப்பில் எழுதவேண்டி வந்த நீதிபதியின் சங்கடத்தை உணர்தல் அரிதன்று.

பாராளுமன்றம் 1960இல் ஓர் எல்லையை வகுத்தது: ஆண்டுக்கு 25,000 ரூபா, அல்லது முந்திய மூவாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு ஐந்து, இவற்றுள் எது பெரிதோ அது. 1969இல் இந்திரா காந்தி அம்மையாரின் அரசாங்கம் கம்பனி நன்கொடையை முற்றாகவே தடைசெய்தது. இரண்டாண்டுகளுக்கு முன் நடந்த தேர்தலில், இராஜாஜி தோற்றுவித்த சுதந்திராக் கட்சி 44 இடங்களைப் பெற்றிருந்தது. தொழிலதிபர் பலர் அதற்கு ஆதரவாயிருந்தனர். தடையின் நோக்கம் தூய்மையா, எதிரியின் ஊற்றை அடைப்பதா என்று அன்றே ஐயுற்றோர் உளர்.

நோக்கம் எதுவாயினும் விளைவு வேறாயிற்று. நன்கொடையை நிறுத்திய சட்டம் தேர்தற் செலவைக் குறைக்கவில்லை. கட்சிகளுக்கு வேறு வருவாய் வழியும் காட்டவில்லை. காசோலையாக வந்த பணம் கணக்கில் வராத பணமாகப் பெட்டிகளில் வரலாயிற்று. 1974இல் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கிலேயே சேரும் என்றது. சில மாதங்களுள் சட்டத்தைத் திருத்தி அத்தீர்ப்பைப் பயனற்றதாக்கினர். முன்வாயிலைப் பூட்டியவர்களே பின்வாயிலைத் திறந்துவிட்டனர் எனலாம்.

1985இல் தடை நீங்கியது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை ஏழரை வீதமாக்கியது. 2017இல் அவ்வெல்லையும் நீக்கப்பட்டது. நட்டத்தில் இயங்கும் கம்பனியும் எத்தொகையும் வழங்கலாம். எக்கட்சிக்கு என்று சொல்லவும் வேண்டியதில்லை. மறு ஆண்டு, ஸ்டேட் பாங்க் வழியாகத் தேர்தற் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. கொடுத்தவர் பெயர் வாக்காளருக்கு மறைக்கப்பட்டது. அரச வங்கியின் ஏடுகளிலோ அது பதிவாகியே இருந்தது.

2024 பெப்ரவரி 15ஆம் தேதி, பிரதம நீதியரசர் சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் இவ்வேற்பாட்டை அரசியலமைப்புக்கு முரணானதென்று தள்ளினர். எல்லையற்ற கம்பனி நன்கொடையும் அதனுடன் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில், பத்திரம் வாங்கியோரின் பெயர்களும் பணமாக்கிய கட்சிகளின் பெயர்களும் வெளியாயின.

எனினும் 1969இன் முழுத்தடை மீளவில்லை. பம்பாயில் வாதாடிய அப்பங்குதாரரின் நிலையிலுள்ள ஒருவருக்கு, நன்கொடை எக்கட்சிக்குச் சென்றதென்பதைக் கம்பனியின் கணக்கில் காணும் உரிமை மீண்டுள்ளது. அதனை வழங்குதற்கோ இயக்குநர் சபையின் தீர்மானமே போதும். அவருடைய சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை.