வழி கேட்டுப் பிரார்த்திப்பது

 

ஆபத்துக் காலத்தில் பகவானிடம் எப்படி வழி கேட்பது என்று பேசச் சொன்னார்கள். அடியேன் உபன்யாசகன் இல்லை. பாலக்காட்டு அக்ரஹாரத்தில் பிறந்து, இடுக்கி மாவட்டத்தின் எல்லையில் உள்ள குமுளியில் சில வருஷம் வங்கி உத்தியோகம் பார்த்தவன். கண்டதையும் கேட்டதையும் சொல்கிறேன்.

"எனக்கு இதைக் கொடு" என்று கேட்க நம் எல்லோருக்கும் தெரியும். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பதுதான் சிரமம். பதில் எந்த ரூபத்தில் வரும் என்று தெரியாதே! அதனால்தான் நம் பாட்டிமார் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சன்னிதியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். இரண்டு நல்ல வரன்களில் எது என்று மனசு ஊசலாடும்போது அது போதும். ஆபரேஷன் செய்யலாமா கூடாதா என்பதற்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம்மூர் செம்பை வைத்தியநாத பாகவதரின் கதை எல்லோருக்கும் தெரியும். 1939-ல் கச்சேரி நடக்கும்போதே அவருக்குக் குரல் நின்றுபோயிற்று. பாட்டே ஜீவனமாக இருந்தவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து என்ன இருக்கிறது? குருவாயூரப்பனிடம் போய் அழுதார். குரல் திரும்பியது. கதையை நாம் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். நடுவில் வைத்தியமடம் நம்பூதிரியின் ஆயுர்வேத சிகிச்சை இருந்ததை ஏனோ விட்டுவிடுகிறோம். பாகவதர் பிரார்த்தனையும் செய்தார், மருந்தும் சாப்பிட்டார். வைத்தியரும் அப்பன் காட்டிய வழி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு தம் சம்பாத்தியத்தில் பெரும்பகுதியைக் குருவாயூருக்கே கொடுத்தார். 1974 அக்டோபர் 16-ம் தேதி, ஒற்றப்பாலத்தில் ஒரு கிருஷ்ணன் கோவிலில் பாடி முடித்த பிறகுதான் மறைந்தார். ஏகாதசியை ஒட்டிக் குருவாயூர் தேவஸ்வம் நடத்தும் செம்பை சங்கீதோத்ஸவத்துக்குப் போகாதவர்கள் ஒரு தடவையாவது போய்வாருங்கள்.

குமுளியில் இருந்தபோது ஒரு சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலை ஏறினேன். கண்ணகி கோவில். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பக்தர்களை விடுவார்கள். கம்பம் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் ஏறி வருவார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தோட்டத் தொழிலாளி அம்மா. என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "பையன் படிப்ப நிறுத்திட்டு வேலைக்கு அனுப்பவான்னு ஆத்தாகிட்ட கேக்க வந்தேன் சார். நாளைக்கு வாத்தியாரையும் கேக்கணும்" என்றாள். அவளுக்கு இரண்டும் ஒரே காரியம்தான்.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்கே வந்தது 1998-ல். அத்திம்பேருக்குப் புற்றுநோய். ஒரு ஆபரேஷன் ஆகி, இன்னொன்று செய்யலாமா என்ற நிலை. பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார்கள் சிலர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இரவு முழுக்கச் சுவாமி உள்ளில் உட்கார்ந்திருந்தாள். காலையில் நேராக டாக்டரிடம் போய், "என் தம்பி மாதிரி நினைச்சுண்டு சொல்லுங்கோ. இதனால எத்தனை நாள் கூடும், எத்தனை வேதனை கூடும்?" என்று கேட்டாள். டாக்டர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு உண்மையைச் சொன்னார். அத்திம்பேரிடமும் மறைக்காமல் சொன்னோம். "ஆத்துக்குப் போகலாம்" என்றார்.

நாற்பத்தொரு நாள் இருந்தார். அக்கம்பக்கத்து மாமிகள் தினம் வந்து நாராயணீயம் பாராயணம் செய்தார்கள். வாத நோயோடு குருவாயூரில் உட்கார்ந்து பட்டதிரி பாடி, 1586-ல் முடித்த நூல் அது. அதன் கடைசி வார்த்தைக்கு ஆயுள், ஆரோக்கியம், சௌக்கியம் என்று அர்த்தம். கடபயாதி கணக்கில் முடித்த கலி தினமும் அதுவே. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அத்திம்பேருக்கு அதில் முதல் இரண்டும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகக் கேட்பார்.

பிறகு ஒரு நாள் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், இவ்வளவு வேண்டியும் கிடைக்கவில்லையே என்று. "கிடைக்கலைதான். ஆனா ஊசியும் குழாயுமா அவரை அனுப்பலை. அன்னிக்கு ராத்திரி உட்காராமல் இருந்தா நான் டாக்டரை அப்படிக் கேட்டிருப்பேனோ, தெரியலை" என்றாள்.

இப்போதும் யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்றாலும் பாராயணத்துக்குப் போகிறாள். புத்தகத்தைப் பிரிக்கும் முன், "மருந்து கொடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் உட்காருவாள்.